கொழுப்பு இருந்த இடம்

பரேலில் நான்காவது மாடி.
கத்திக்கு நான்கு மைக்ரான் கனம் சொல்லி வைத்திருக்கிறேன்.
மெழுகுக்குள் உறைந்த ஈரல் துணுக்கு
ரிப்பனாய் வந்து வெதுவெதுப்பான நீரில் விழுகிறது.
பெயர் இல்லை. எண் மட்டும்.
ஆண், நாற்பத்தொன்று. மது: இல்லை.

அந்த இல்லைக்குப் பக்கத்தில்
யாரோ பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள்.

சைலீனில் கழுவும்போது கொழுப்பு கரைந்து போய்விடும்.
கண்ணாடித் தகட்டில் மிஞ்சுவது ஓட்டைகள்,
வெள்ளை வெள்ளையாய், வட்ட வட்டமாய்.
பதினோரு வருஷமாய்க் கொழுப்பைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.
ஒருநாளும் பார்த்ததில்லை.
அது இருந்த இடத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஷர்வரி மேடம் கணினியில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்,
சாகச் சொல்லும் மரபணுக்கள்.
ஒவ்வொரு செல்லும் தன் சாவுக்கான குறிப்பை
மடித்து வைத்திருக்குமாம்
ரயில் பாஸைப் போல, உள்பையில்.

கேஸ்பேஸ் எட்டு சொன்னபடி செத்தால் சத்தமில்லை.
செல் தன்னையே பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளும்,
அக்கம்பக்கத்தார் எடுத்துப் போய்விடுவார்கள்.
செத்தும் கொடுத்தான் என்போமே, அந்த வகை.
ரிப் மூன்றின் வழி வேறு.
சுவரில் துளை விழும்,
உள்ளே இருந்ததெல்லாம் தெருவுக்கு வரும்,
கூச்சல் கேட்டு ஓடிவரும் படை,
தழும்பின் மேல் தழும்பு.
செத்தும் கெடுத்தது.

"அப்போ முதல் வழிதான் நல்லது, இல்லையா மேடம்?"
பேனா மூடியைக் கடித்தார்.
"அதுவும் அதிகமானால் தழும்புதான்.
ஈரல் செல்லில் ரிப் மூன்று இருக்கிறதா என்பதிலேயே
இன்னும் சண்டை நடக்கிறது. எழுதிக்கொள்ளாதே."

எழுதிக்கொள்ளவில்லை.
பழுப்புச் சாயம் ஏறிய செல்களை எண்ணினேன்.
ஒரு வட்டத்தில் ஏழு.
சுற்றிலும் ஊதிப்போன செல்கள்,
சாக முடிவெடுத்தும்
சாகத் தெரியாமல் நிற்பவை.

ஜெபசிங்கிற்கு கிரேடு இரண்டு.
சஹார் கார்கோவில் இரவு ஷிஃப்ட்,
மூன்று மணிக்கு இரண்டு வடாபாவ்,
விடியும்வரை சர்க்கரை தூக்கலாக நாலு கட்டிங் சாயா.
ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்று தாராவியிலிருந்து மாமியார் போனில்:
"குடிக்காதவனுக்கு ஈரல் எப்படிக் கெடும்?"
என் அண்ணன், "மாப்பிள்ளைக்குக் கொழுப்பு" என்று சொல்லி
அவன் ஜோக்குக்கு அவனே சிரித்தான்.
நான் எதுவும் கேட்கவில்லை.
அவர் தூங்கியபின்
வாயருகே குனிந்து முகர்ந்தேன்.
பச்சை மிளகாய். பூண்டு. அவ்வளவுதான்.
நிமிர்ந்தபோது கண்கள் திறந்திருந்தன.

ஈரக்குலை நடுங்கியது.
வேறு எந்தச் சொல்லும் அங்கே பொருந்தாது.

அன்றிலிருந்து தினமும் காலையில்
செருப்பைக் கழற்றுமுன் வாசலில் நின்று
ஹா என்று ஊதிக் காட்டுவார்.
விளையாட்டுதான். இருவரும் சிரிப்போம்தான்.

படிவத்தைத் திருத்த எனக்கு உரிமை இல்லை.
ரப்பரை எடுத்தேன், வைத்தேன்.
ஏழு என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
அடுத்த சாயம் நாளைக்கு.
ஆன்டாப் ஹில் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.

காலை ஆறே முக்கால்.
கதவைத் திறக்கிறேன், அவர் வாயைத் திறக்கிறார்.
கையால் மூடினேன்.
எந்தச் சோப்புக்கும் போகாத சைலீன் வாசனை
என் விரல்களில்.
"என்ன நாத்தம் இது" என்கிறார்
என் உள்ளங்கைக்குள்.